படகோட்டியின் இரண்டு வரி

ஏப்ரல் 22

சக்திக்கு அம்மை போட்டிருக்கிறது. காலையில் முதுகில் இரண்டு கொப்புளம் என்றாள். வேர்க்குருவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு என் டைல்ஸ் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தால் கழுத்து, நெற்றி, கை எல்லாம் முத்து முத்தாக நிற்கிறது. டாக்டர் வந்து பார்த்து மாத்திரை எழுதினார். எனக்கு இதுவரை அம்மை வந்ததில்லை என்றதும் தள்ளியே இருக்கச் சொன்னார். எங்கள் பாப்பா லீவுக்கு அம்பாசமுத்திரத்தில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள், நல்லவேளை.

சாயங்காலம் அம்மா ஆலங்குளத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றும் முன்பே உத்தரவு ஆரம்பம். வாசலில் வேப்பிலைக் கொத்து. காற்றோட்டம் இருப்பதால் சக்திக்கு ஹால், வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் வேப்பங்குழை. எனக்குப் படுக்கையறை. நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குள் கால் வைக்கக் கூடாது, போக்குவரத்தெல்லாம் பின்வாசல் வழியாக. குணமாகி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை தாளிப்பு கிடையாது, வறுவல் கிடையாது, கறி மீன் பேச்சே கிடையாது.

"ஏல ஆவுடை, நல்லாக் கேட்டுக்கோ. இவ இப்ப நம்ம சக்தி கெடையாது. ஆத்தா வந்து எறங்கியிருக்கா. கேட்டதைக் குடுக்கணும். எதுத்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவ மனசு மட்டும் கோணவே கூடாது."

"மருமகள்ட்ட இவ்வளவு மரியாதையா உனக்கு?" என்றேன்.

"தண்ணி ஊத்துத வரைக்கும்தாம்ல" என்றாள்.

டைல்ஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி வெறுமையாகக் கிடந்தது. தனி அறையில் ஒரு மனுஷன் என்ன செய்ய? எழுதுகிறேன்.

ஏப்ரல் 23

கடைக்குக் கிளம்பும்போது நிலைப்படியில் நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். "கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து, "சாப்ட்டியா?" என்றேன். "ம்" என்றாள்.

பாவம், உடம்பு முழுக்க எரிச்சல். பேச முடியவில்லை போல.

ஏப்ரல் 24

ஆத்தா வாய் திறந்து ஒன்று கேட்டாள். வீடியோ கேம்.

சக்தியின் தம்பி லிங்கதுரை பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன் அந்தக் கேம் பெட்டியையும் கூடவே கொண்டு வந்திருக்கிறான். "படுத்து படுத்துப் பைத்தியம் பிடிக்கு, டிவியில மாட்டிக் குடுங்க" என்று கேட்டாள். மற்ற நாளாக இருந்தால், உனக்கென்ன சின்னப் பிள்ளையா என்று கேட்டிருப்பேன். வாயைத் திறந்தேன். அம்மா முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

லிங்கதுரை வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு, அவனுக்கு ஏற்கெனவே அம்மை வந்து போன தைரியத்தில், அக்காவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். இங்கிலீஷ் கேம். தமிழில் சொன்னால் 'ஏழு துறைகளின் ராணி' என்று வரும். ராஜ்ஜியம் இழந்த ஒரு பெண், ஒவ்வொரு ஆறாகக் கடந்து போகிறாள். ஓநாய் அடிக்கிறாள், மூலிகை பறிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நாமே பெயர் வைக்கலாம். பிரம்மசக்தி என்று தன் முழுப்பெயரை வைத்திருக்கிறாள். நானே அந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி.

ஏப்ரல் 25

மேற்படி கேமில் ரோவன் என்று ஒரு படகோட்டி இருக்கிறான்.

ஏப்ரல் 26

ரோவன், ரோவன், ரோவன். தாடி வைத்திருக்கிறான். சட்டையில் மேல் பட்டன் இரண்டைப் போடுவதே இல்லை. துடுப்புப் போட்டுக்கொண்டே ஏதாவது கேட்பான். திரையில் மூன்று பதில் வரும், ஒன்றை அமுக்க வேண்டும். சக்தி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஒருத்தி அப்படிச் சிரிப்பாளா? நான் பக்கத்து அறையில் பருப்புச் சோறும் மோரும் சாப்பிட்டுக்கொண்டு கேட்கிறேன். தாளிக்காத பருப்பு. தொண்டையில் எப்படி இறங்கும்?

இளவரசன் ஒருத்தனும் இருக்கிறான், அல்ரிக். நல்ல குடும்பம், அரண்மனை, குதிரை. இரண்டு பேரில் ஒருத்தனைக் கடைசியில் அவள் கட்டிக்கொள்ளலாமாம். லிங்கதுரை போனில் சொன்னான். நான் சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

ஏப்ரல் 27

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பின்வாசல் வழியாக வந்தேன். அவள் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "தண்ணி ஊத்துனதும் பாப்பாவையும் கூட்டிட்டு பெங்களூருக்கு வந்துருதேன்ல. பள்ளிக்கூடம் தொறக்குத வரைக்கும் அங்கனயே இருக்கேன். பிடிச்சா அங்கனயே ஏதாவது பள்ளிக்கூடம் பாப்போம்." அப்புறம் கொஞ்ச நேரம் அவன் பேசினான் போல. "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போடவும் ரெண்டு பேரு பேசணும்லா" என்றாள்.

என்ன பேசவில்லை நான்? பதினோரு வருஷமாக ஒரு நாள் கூட விடாமல் சாப்ட்டியா என்று கேட்டிருக்கிறேன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கடை விட்டால் வீடு. ஊரில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள்?

எல்லாம் அந்தப் படகோட்டி வந்து கெடுத்தது.

ஏப்ரல் 28

இரண்டு கண் இமையிலும் கொப்புளம். வீங்கி மூடிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நனைத்த துணியைக் கண்ணில் போட்டுப் படுத்திருக்கிறாள். அப்பாடா, கேம் நின்றது என்று நினைத்தேன்.

"அத்தான்."

தானாக என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! நிலைப்படிக்கு ஓடினேன்.

"அங்கன நின்னே டிவியில எழுத்து வாரத வாசிச்சு, தமிழ்ல சொல்லுதீங்களா? நான் சொல்லுத பதிலுக்கு மேலயா கீழயான்னு மட்டும் சொன்னா அமுக்கிருவேன்."

ரோவன் சொல்வதை நான் சொல்ல வேண்டுமாம். என் பெண்டாட்டிக்கு. என் வாயால்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். வாசித்தேன்.

சண்டை வந்தால், "இடது பக்கம், இடது பக்கம்! ஓநாய்! அடி சக்தி!" என்று கத்த வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு சார் காம்பவுண்டுக்கு மேல் தலை நீட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 29

இன்று நடந்ததை நான் யாரிடம் சொல்ல?

ஆற்றின் நடுவில் ரோவன் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டான். நான் வாசித்தேன்: "யாருக்கும் தெரியாம நீ செஞ்ச பெரிய காரியம் என்ன?" பதில் மூன்று இருந்தது. அரண்மனையை விட்டு ஓடி வந்தேன், அண்ணனை எதிர்த்தேன், இன்னும் ஒன்று. சக்தி எதையும் அமுக்கவில்லை.

"இது ஒண்ணுமே சரியில்ல. நான் சொல்லட்டா?" என்றாள், கண்ணில் துணியோடு, டிவி பக்கம் திரும்பி. "எங்க முறப்பநாட்டுல ஆத்தைக் குறுக்க நீந்திப் போவேன். ஒம்பதாங்கிளாஸ் படிக்கையில. வீட்டுல யாருக்கும் தெரியாது. அக்கரையில ஒருத்தரு நிப்பாரு. பெரிய மீசை. எந்நேரமும் அங்கனயே நிப்பாரு. அவரைத் தொட்டுட்டுத்தான் திரும்புவேன். தொடாம வந்தா அன்னைக்குப் போனதே கணக்குல இல்ல."

இவளுக்கு நீந்தத் தெரியுமா? குற்றாலத்தில் கூட ஓரமாக நின்று தலையை நனைத்தவள்தானே?

சரி, நீச்சல் கிடக்கட்டும். யார் அந்த மீசை?

கேட்க வாய் துடித்தது. ஆனால் அவள் என்னிடம் சொல்லவில்லையே, ரோவனிடம் அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறாள்! குறுக்கே விழுந்து கேட்டால் ஆத்தா மனம் கோணும். "எதை அமுக்க?" என்றேன். "நடுவுல உள்ளதை அமுக்குதேன், போங்க" என்றாள். குரல் விழுந்துவிட்டது.

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை. இதுவரை எனக்கு ஒரு தாடிக்காரன்தான் எதிரி. இப்போது மீசைக்காரனும் சேர்ந்துவிட்டான்.

ஏப்ரல் 30

கேமில் இன்று திருவிழா. பெண் யார் படகில் விளக்கு வைக்கிறாளோ அவனைக் கட்டிக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

உள்ளதை எழுதுகிறேன், இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள். ரோவன் நாலு வரி பேசினால் நான் இரண்டாகச் சுருக்கினேன். "நீ வராத நாள்ல இந்த ஆறு எனக்கு ரொம்ப அகலமாத் தெரியுது" என்று எழுதியிருந்தது. நான், "ஆறு அகலமா இருக்கு" என்று வாசித்தேன். இளவரசன் அல்ரிக் வந்தபோது குரலை ஏற்றி இறக்கி, இல்லாத 'கண்ணே' எல்லாம் போட்டு வாசித்தேன். ஏன் அல்ரிக்குக்குக் கொடி பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் எரியவில்லை, அதனால்தான்.

"அல்ரிக்கா, ரோவனா?" என்றேன். "அல்ரிக் மேல. நல்ல வசதி."

"கீழ" என்றாள்.

"ஒரு தடவ யோசிச்சுக்க."

"கீழன்னேன்லா."

அமுக்கினாள். வாணவேடிக்கை. திரை இருட்டாகிவிட்டது. அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒரு பொம்மைப்படத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை.

மே 1

காலையில் முதல் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். கொப்புளம் எல்லாம் வாடிவிட்டது. கண் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, ஆனால் வெளிச்சம் கூசுகிறது என்று துணியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மத்தியானம் கேம். கல்யாணம் முடிந்து ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீடு. ரோவன் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறான். சக்தி ஆவலாகப் போய்ப் பேச்சு கொடுத்தாள். நான் வாசித்தேன்:

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

"பொறவு?"

"கதவைச் சாத்திக்கோ, குளிர் வருது."

"பொறவு?"

"அவ்வளவுதான்."

மறுபடி பேசினாள். வந்துட்டியா, சாப்ட்டியா, கதவைச் சாத்திக்கோ. வெளியே போய் ஒரு ராட்சசனை அடித்துவிட்டு வந்து பேசினாள். வந்துட்டியா, சாப்ட்டியா, கதவைச் சாத்திக்கோ. கேள்வியும் கிடையாது, மூன்று பதிலும் கிடையாது. படகில் ஏறச் சொன்னால் அவன் ஏறவே மாட்டேன் என்கிறான். கல்யாணம் ஆனபின் படகு ஓட்டுவதையே விட்டுவிட்டான்.

"அத்தான், நீங்க ஒழுங்கா வாசிக்கல."

"சத்தியமா அவ்வளவுதான் இருக்கு."

"நேத்தே சுருக்கிச் சுருக்கித்தான் வாசிச்சீங்க. அவன் அவ்வளவு நேரம் பேசுனான், நீங்க மூணு வார்த்தை சொன்னீங்க. சத்தம் எனக்குக் கேக்காதா?"

மாட்டிக்கொண்டேன். ஆனால் இன்று நான் நிஜமாகவே முழுசாகத்தான் வாசித்தேன். நம்பவில்லை. லிங்கதுரைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டாள். அவன் சிரித்தான். "ஆமாக்கா, அந்தக் கேம்ல எல்லாரும் திட்டுத விஷயம் அதுதான். கல்யாணம் வரைக்கும் பக்கம் பக்கமா எழுதியிருக்கான், அதுக்குப் பொறவு ரெண்டே வரி."

சக்தி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "இதுக்கா நான் இத்தன ஆறு கடந்து வந்தேன்? இதை எழுதுனவன் கல்யாணம் ஆன ஆம்பளையாத்தான் இருக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ரோவன் பயல் கவிழ்ந்தான்! ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன், அதுல என்ன குத்தம்? அக்கறையாத்தான கேக்கான். குளிர் வருதுன்னுதான கதவைச் சாத்தச் சொல்லுதான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ரோவனுக்காகப் பேசினேன்.

சக்தி துணி கட்டிய முகத்தை என் பக்கம் திருப்பினாள். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 2

இன்று டிவியே போடவில்லை. இளநீர் வேண்டாம், கூழ் வேண்டாம். "யாருல ஆத்தா மனச நோகடிச்சது?" என்று அம்மா என்னையே பார்த்தாள்.

கடையில் ஒரு தம்பதி வந்தார்கள், புது வீட்டுக்குத் தரை டைல்ஸ் பார்க்க. சமையலறையில் யார் அதிக நேரம் நிற்பார்கள், கால் வலி உண்டா, வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா, மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒன்றரை மணி நேரம் கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா போகும்போது, "இவ்வளவு விசாரிச்சு யாரும் குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தேன். நிலைப்படியில் நின்றேன். "சாப்ட்டியா?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். வேறு என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் இந்த டைரியில் ஏப்ரல் 23ஐப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

மே 3

ஒரு திருட்டு வேலை செய்தேன்.

"சக்தி, கேம் போடு. லிங்கதுரை ஏதோ அப்டேட் வந்திருக்குன்னான். ரோவன் இப்ப பேசுதானாம்" என்றேன். லிங்கதுரை அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

போட்டாள். ரோவன் அடுப்புப் பக்கத்தில் நின்று வழக்கமான இரண்டு வரியைச் சொன்னான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வந்துட்டியா? நீ போன பொறவு இந்த வீடு வீடாவே இல்ல. இன்னைக்கு எந்தெந்த வழியா வந்த, சொல்லு."

சக்தி தலையை என் பக்கம் சாய்த்தாள். சந்தேகப்பட்டுவிட்டாளோ என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"பதில் எத்தனை இருக்கு?" என்றாள்.

"பதிலே இல்ல. நீயே சொல்லலாமாம். புது அப்டேட்."

சொன்னாள். ஓநாய்க் காட்டு வழியாக வந்ததை, பாலத்தில் கால் வைக்கப் பயந்ததை. அப்புறம் கேமை விட்டே வெளியே வந்துவிட்டாள். இந்த வீட்டில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரு சத்தமும் இருக்காது, அந்த நேரம்தான் கஷ்டம், மிக்சியைச் சும்மாவாவது ஓட விடலாமா என்று தோன்றும் என்றாள். நான் அந்த நேரத்தில்தான் கடையில் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலியில் சாய்ந்து கண்ணசருவேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேப்பங்குழை வைத்த இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

கதை சொல்லச் சரக்கு தீர்ந்துவிட்டது. அவசரத்தில், "இன்னைக்கு ஒரு ஆள் வந்தான், பாத்ரூமுக்கு வழுக்காத தரை வேணும்னான். அவன் அம்மா வழுக்கி விழுந்துட்டாளாம். சொல்லுதப்பவே அழுதுட்டான்" என்று வாசித்துவிட்டேன்.

"படகோட்டிட்ட எதுக்கு பாத்ரூம் தரை கேக்கான்?"

"அது... படகுக்குள்ள தளம் போடுதாங்க. புது மாதிரிப் படகு."

"ஓ" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். புண் எரிந்திருக்கும்.

தப்பித்துக்கொள்ள நகரப் போனேன். "அந்தப் பச்சைச் சட்டையை ஏன் இன்னும் போட்டுக்கிட்டு இருக்கீங்க? காலர் கிழிஞ்சு தொங்குது" என்றாள். கண்ணைக் கட்டிக்கொண்டே இவளுக்கு எப்படித்தான் எல்லாம் தெரிகிறதோ. ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று அம்மா சொல்வது சரிதான் போலிருக்கிறது.

மே 6

இரண்டாம் தண்ணீர்.

எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. வார்த்தை என்னுடையது. குரல் என்னுடையது. நிலைப்படியில் நின்று நின்று கால் வலிப்பது எனக்கு. பெயர் வாங்குகிறவன் மட்டும் அவன்! இன்று சிரித்துக்கொண்டே, "ரோவன் முன்ன மாதிரி இல்ல அத்தான். இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுதான்" என்கிறாள். என்னிடமே.

"அப்படி என்னத்த பேசிட்டான்?" என்றேன்.

"உங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்றாள்.

அந்த மீசைக்காரனைப் பற்றி ரோவன் வாயால் கேட்டுவிடலாமா என்று பார்த்தேன். கேட்டால் அவனிடம் சொல்லிவிடுவாள். அதைத்தான் தாங்க முடியாது. அவள் சொன்னால் எனக்குச் சொல்லட்டும்.

பெங்களூர் பஸ்ஸுக்கு லிங்கதுரை டிக்கெட் போட்டுவிட்டானாம். பதினொன்றாம் தேதி.

மே 8

இன்று நான் எதையும் ஜோடிக்கவில்லை. ரோவன் இரண்டு வரியைச் சொல்லி முடித்துவிட்டு அடுப்பைப் பார்த்து நின்றான். நான் வாசித்தேன்:

"உனக்குக் காய்ச்சல் வந்த முத ராத்திரி நான் தூங்கல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு உன் மூச்சு கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மறுநா காலையில அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன். சாப்ட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டேன். எனக்குக் கேக்கத் தெரியல. நீ ஊருக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன். போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சக்தி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "ரோவன் நல்லாத்தான் சொல்லுதான்" என்றாள். கண்ணில் கட்டிய துணி நனைந்திருந்தது. அம்மா இப்போதுதான் நனைத்துக் கொடுத்திருப்பாள்.

மே 9

மூன்றாம் தண்ணீர். தலைக்கு ஊற்றி, புதுச்சேலை கட்டி, அம்மனுக்கு மாவிளக்கு வைத்து, வாசல் வேப்பிலையை எடுத்தாயிற்று. அம்மா அடுப்படியில் பழையபடி மாமியாராகிவிட்டாள்: "ஏட்டி சக்தி, கடுகு டப்பாவ எங்கன வச்சுத் தொலைச்ச?"

நான் நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குள் கால் வைத்தேன். சக்தி கண்ணைத் திறந்து, டிவி முன்னால் உட்கார்ந்து, கன்ட்ரோலரை எடுத்தாள்.

"சக்தி, இப்ப வேண்டாம். கண்ணு இன்னும்..."

போட்டுவிட்டாள். ரோவன் அடுப்புப் பக்கத்தில் நின்றான். திரையில் எழுத்து வந்தது. அவள் வாய்விட்டு வாசித்தாள். "வந்துட்டியா. சாப்ட்டியா. கதவைச் சாத்திக்கோ, குளிர் வருது." மறுபடி அமுக்கினாள். அதே இரண்டு வரி. எனக்கு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் கோபப்படவில்லை. ரோவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம். இவனுக்கு இவ்வளவுதான் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

அடுப்படியில் அம்மா தாளித்தாள். இத்தனை நாள் கழித்துக் கடுகு வெடித்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"முதல் தண்ணி ஊத்துன மறுநாளே கண்ணு நல்லாத் தெரிஞ்சது. துணிக்கு இடையில எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேம்ல வாரது ரெண்டு வரி, நீங்க கையை ஆட்டி ஆட்டி அரைப்பக்கம் வாசிக்கீங்க."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்கள்லா."

சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேவிட்டேன். "அக்கரையில நின்னது யாரு?"

"எந்தக் கரையில?"

"அதான், மீசைக்காரன். தொட்டுட்டு வருவேன்னு சொன்னியே. பத்து நாளா எனக்கு வயிறு எரியுது சக்தி. யாரு அவன்?"

அவள் என்னை ஒரு நிமிஷம் முழித்துப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா கரண்டியோடு ஓடி வரும் அளவுக்கு. "சுடலைமாடன் அத்தான்! மாடசாமி சிலை! ஆத்தங்கரையில நிக்கும்!"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், தெய்வ குத்தம் ஆகிவிடக் கூடாதே. ஆனாலும் மனசுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

"ஒம்பதாங்கிளாஸ்ல அவ்வளவு தூரம் நீந்துனவ எதுக்கு விட்ட?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தாள். "உக்காருங்க, சொல்லுதேன்" என்றாள். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னாள். குழம்பு ஆறிப்போனது. அவள் சொன்னது எனக்குச் சொன்னது, டைரிக்கு இல்லை.

மே 11

பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள். நான் போகாதே என்று சொன்னேன். வாய் வந்தது. "டிக்கெட் போட்டாச்சு. போயிட்டு வாரேன்" என்றாள். வாரேன் என்றாளே தவிர, எப்போது என்று சொல்லவில்லை. கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "பத்து நாளு. அங்கன பள்ளிக்கூடம் ஒண்ணும் பாக்கல, போதுமா?" என்றாள்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று அக்கா கொண்டுவந்து விட்ட பாப்பா பக்கத்தில் தூங்கி வழிந்தாள்.

"நீ போய்ச் சேந்ததும் போன் பண்ணுதேன்" என்றேன்.

"பண்ணுங்க. ஆனா எடுத்ததும் சாப்ட்டியான்னு கேட்டீங்கன்னா வச்சிருவேன்."

மே 12

காலையிலிருந்து கடையில் உட்கார்ந்து யோசித்தேன். என்ன கேட்பது என்று டைல்ஸ் அட்டையின் பின்பக்கம் ஏழு கேள்வி எழுதி வைத்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு, கண்ணசருகிற நேரத்தில், போன் பண்ணினேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"அத்தான், சாப்ட்டீங்களா?" என்றாள்.

"வச்சிருவேன்" என்றேன்.

சிரித்தாள். பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. லிங்கதுரைதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். அப்புறம் மூன்று மணி வரை பேசினோம். அட்டையைத் திருப்பவே இல்லை.